அத்தியாயம் 6: உள்கணினிக்கு இணையம் வரும் வழி

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

"மாமா, விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டுட்டேன். ஆனா உள்ள வைஃபையே காட்ட மாட்டேங்குது. டிரைவர் ஏதாவது போடணுமா?"

அவனுடைய லேப்டாப்பில் வைஃபை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. உபுண்டு ஜன்னலின் மேல்மூலையில் வழக்கமான விசிறி வடிவச் சின்னத்துக்குப் பதில், ஒயர் போட்டது போல வேறொரு சின்னம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து ராத்திரி முழுக்க வைஃபை டிரைவர் தேடியிருக்கிறான்.

"ஃபயர்ஃபாக்ஸைத் திற. ஏதாவது ஒரு தளத்துக்குப் போய்ப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வருது மாமா!"

புதிதாக மெய்நிகர் கணினி வைத்துப் பழகுகிறவர்களில் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிலர் லினக்ஸே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த நூலில் நம் மேசைமேல் இருக்கும் நிஜக் கணினியை, அதாவது ஹோஸ்ட்டை, வெளிக்கணினி என்றும் அதற்குள் ஓடும் கெஸ்ட்டை உள்கணினி என்றும் சொல்லிவருகிறோம். இங்கேயும் அப்படியே.

உள்கணினிக்கு உங்கள் வைஃபை கார்டு தெரியவே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குக் காட்டுவது ஒயர் செருகும் ஈதர்நெட் கார்டு ஒன்றைத்தான். அப்படி ஒரு கார்டு நிஜத்தில் இல்லை; இன்டெல் தயாரித்த ஒரு பழைய கார்டு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி மென்பொருள் நடந்துகொள்கிறது. வெளிக்கணினிக்கு இணையம் வைஃபையில் வரலாம், ஃபைபரில் வரலாம், போனின் ஹாட்ஸ்பாட்டில் வரலாம். உள்ளே இருப்பதற்கு எல்லாமே ஒயரில் வருவதுதான். ஆகவே உள்ளே போய் வைஃபை தேடாதீர்கள். அந்தப் பொய்யான ஒயரின் மறுமுனையை எங்கே செருகியிருக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மறுமுனையைத் தேர்ந்தெடுக்கும் இடம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதி. அங்கே 'அட்டாச்டு டு' என்று ஒரு பட்டியல் விழும். அதில் நேட், பிரிட்ஜ்டு அடாப்டர், இன்டர்னல் நெட்வொர்க், ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர், நேட் நெட்வொர்க் என்றெல்லாம் இருக்கும். எது சரி என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யார் யாரோடு பேச வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உள்கணினி வெளியுலகத்தோடு பேசினால் போதுமா? நீங்கள் உள்கணினிக்குள் நுழைய வேண்டுமா? வீட்டிலிருக்கும் வேறொரு கணினி அதைத் தேடி வர வேண்டுமா? பதில் தெரிந்தால் பட்டியலில் எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மே/பா முகவரி

கடிதப் போக்குவரத்து இருந்த நாட்களில் ஊர்விட்டு ஊர் போய் ஒரு வீட்டு மாடியில் குடியிருப்பவர், தன் பெயரை எழுதி அடுத்த வரியில் 'மே/பா' போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதுவார். தபால்காரருக்குத் தெரிந்தது வீட்டுக்காரர் வாசல்தான். கடிதத்தை வாங்கி மாடிக்குக் கொடுத்தனுப்புவது வீட்டுக்காரர் பொறுப்பு. நேட் என்பது இந்த மே/பா ஏற்பாடு. புதிதாக எந்த உள்கணினியை உருவாக்கினாலும் விர்ச்சுவல்பாக்ஸ் முதலில் வைப்பது இதைத்தான். இணையத்தில் உலவவும் மென்பொருள் இறக்கவும் இதுவே போதும். நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். பின்னால் கோளாறு தேடும்போது இது கைகொடுக்கும்.

உள்கணினி எழுந்ததும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸே அதற்கு 10.0.2.15 என்று கொடுக்கும். வெளியே போகும் வாசல், அதாவது கேட்வே, 10.0.2.2 என்று சொல்லும். இந்த எண்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். உங்கள் வீட்டு உபுண்டுவுக்கும் வேறு நாட்டில் ஒருவர் வைத்திருக்கும் உபுண்டுவுக்கும், முதல் கார்டு நேட்டில் இருந்தால், 10.0.2.15தான். ஒவ்வோர் உள்கணினிக்கும் தனித்தனி நேட் என்பதால் இவை மோதிக்கொள்வதில்லை. அதே காரணத்தால் ஒரே லேப்டாப்பில் இரண்டு உள்கணினிகள் நேட்டில் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியவும் தெரியாது. இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டும், இணையமும் வேண்டும் என்றால் அதற்குத்தான் பட்டியலில் 'நேட் நெட்வொர்க்' தனியாக இருக்கிறது.

இப்போது உள்ளே ஃபயர்ஃபாக்ஸ் 203.0.113.10 என்ற முகவரியில் ஒரு தளத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10.0.2.15, போர்ட் 40512 என்ற இடத்திலிருந்து கோரிக்கை கிளம்புகிறது. பொய்க் கார்டு அதை வாங்கி விர்ச்சுவல்பாக்ஸ் கையில் கொடுக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதை அப்படியே வெளியே தள்ளுவதில்லை. வெளிக்கணினியில் ஓடும் ஒரு சாதாரண நிரலாகத் தன் பெயரிலேயே அந்தத் தளத்துக்குப் புதிதாக ஓர் இணைப்பைத் திறக்கிறது. அதற்கு 51877 போல ஒரு போர்ட் எண் கிடைக்கும். '51877க்கு வரும் பதில், உள்ளே 40512க்குப் போக வேண்டியது' என்று குறித்துவைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உள்ளே அனுப்புகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பலன்கள் நிறைய. வெளியில் இருப்பவர்களுக்கு, வெளிக்கணினியின் உலாவி பேசுவதும் உள்கணினி பேசுவதும் ஒரே கணினி பேசுவதாகத்தான் தெரியும். விடுதி வைஃபையில் லாகின் செய்தால்தான் இணையம் என்றால், வெளிக்கணினியில் ஒருமுறை செய்தால் போதும். பதிவுசெய்த கருவிகளை மட்டுமே அனுமதிக்கும் அலுவலகத்திலும் தடை இராது. வெளிக்கணினியில் விபிஎன் போட்டிருந்தால் உள்கணினியும் அதன் வழியே போகும். மறுபுறம், வெளிக்கணினியின் ஆன்ட்டிவைரஸோ ஃபயர்வாலோ விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலைத் தடுத்துவைத்திருந்தால், வெளியே எல்லாம் ஓடும், உள்ளே ஒன்றும் வராது. இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வித்தைக்கு ஒரு பழைய வேர் உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அப்போது கிடைத்தவற்றில் ஷெல் கணக்கு என்பது வெறும் எழுத்துத் திரை, படம் வராது. உலகெங்கும் இப்படி ஷெல் கணக்கோடு நின்றுவிட்டவர்களுக்காக ஸ்லர்ப் என்றொரு நிரல் அதே காலத்தில் பிறந்தது. தொலைவிலிருக்கும் சர்வரில் சாதாரண நிரலாக அது ஓடும். வீட்டிலிருக்கும் கணினியின் கோரிக்கைகளையெல்லாம் தன் பெயரில் வெளியே கேட்டு வாங்கித் தரும். சிறப்பு அனுமதி எதுவும் வேண்டாம். டயல்-அப் போய்விட்டது, ஸ்லர்ப் போகவில்லை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இன்னொரு மென்பொருளான கியூஇஎம்யூ அதை எடுத்துக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸின் நேட்டும் அந்த வழியில் வந்ததே. இரண்டிலும் 10.0.2.15 என்ற அதே முகவரி வருவதற்குக் காரணம் இந்த உறவுதான்.

வெளியிலிருந்து உள்ளே போக

மே/பா ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. மாடிக்காரர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால், யாரைப் பார்க்க வந்தார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. உள்கணினியில் ஒரு வலைச்செயலியை ஓடவிட்டு வெளிக்கணினியின் குரோமில் 10.0.2.15 என்று தட்டினால் ஒன்றும் வராமல் போவது இதனால்தான்.

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். நெட்வொர்க் பகுதியில் 'அட்வான்ஸ்டு' அமைப்புகளுக்குள் அந்தப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் காலியாக ஓர் அட்டவணை வரும். கூட்டல் குறியைத் தட்டி ஒரு வரியைச் சேருங்கள். ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22 என்று போட்டால், வெளிக்கணினியின் 2222ஐத் தட்டுகிறவர் உள்கணினியின் எஸ்எஸ்ஹெச் வாசலுக்குப் போய்ச் சேருவார். வலைச்செயலிக்கு 8080ஐ 80க்கு அனுப்புங்கள்.

அந்த அட்டவணையில் 'ஹோஸ்ட் ஐபி' என்ற கட்டத்தைப் பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். காலியாக இருந்தால், ஃபயர்வால் தடுக்காத வரையில், அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் லேப்டாப்பின் 2222ஐத் தட்டி உள்ளே எட்டிப்பார்க்க முடியும். காபிக் கடையிலும் விடுதியிலும் இது ஆபத்து. அந்தக் கட்டத்தில் 127.0.0.1 என்று போட்டுவிட்டால் உங்கள் கணினியிலிருந்து மட்டுமே நுழைய முடியும். எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை நம்பி இருப்பதைவிட இந்த ஒரு கட்டத்தை நிரப்புவது மேல்.

வெளிக்கணினி லினக்ஸாக இருந்தால், ஹோஸ்ட் போர்ட்டாக 1024க்குக் கீழ் எண் கொடுக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அதற்கு அனுமதி இல்லை.

தனி வாசல்: பிரிட்ஜ்

வீட்டிலிருக்கும் இன்னொரு கணினியோ, போனோ, டிவியோ உள்கணினியை நேரடியாகத் தேடி வர வேண்டுமென்றால் பிரிட்ஜ்டு அடாப்டர். உள்கணினிக்கு வீட்டு ரவுட்டரே நேரடியாக முகவரி கொடுக்கும். லேப்டாப் 192.168.1.5 என்றால் உள்கணினி 192.168.1.9 ஆகலாம். ரவுட்டரின் பார்வையில் அது வீட்டுக்குப் புதிதாக வந்த இன்னொரு கருவி. 08:00:27 என்று தொடங்கும் தனி மேக் முகவரியும், அதாவது கார்டின் அடையாள எண்ணும், அதற்கு உண்டு. ரவுட்டரின் பட்டியலில் இப்படித் தொடங்கும் ஒன்றைப் பார்த்தால் அது விர்ச்சுவல்பாக்ஸ் கணினி என்று அறியலாம். கியூஇஎம்யூ என்றால் 52:54:00.

'பிரிட்ஜ்தான் வேகம், பிரிட்ஜ்தான் நிஜ இணையம்' என்று பல பேர் எடுத்த எடுப்பில் இதற்கு மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம் என்பேன். ஓடிக்கொண்டிருந்த இணையம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான். அதிலும் வைஃபையில் சிக்கல் அதிகம். வைஃபை ரவுட்டரோ ஆக்சஸ் பாயின்ட்டோ தன்னிடம் பெயர் கொடுத்துச் சேர்ந்த கார்டின் மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். உள்கணினி தன் சொந்த மேக் முகவரியோடு பேசினால் அதைத் தள்ளிவிடும். இதைச் சமாளிக்க விர்ச்சுவல்பாக்ஸ் வைஃபையில் மட்டும் ஒரு வேலை செய்கிறது: வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்கணினியின் மேக் முகவரியை அழித்துவிட்டு வைஃபை கார்டின் முகவரியை எழுதி அனுப்புகிறது, திரும்பி வருவதை ஐபி முகவரியைப் பார்த்துப் பிரிக்கிறது. வீட்டு ரவுட்டரில் இது பெரும்பாலும் ஓடிவிடும். கல்லூரி, அலுவலக வைஃபையில் பல நேரம் ஓடாது. ஒரே மேக் முகவரிக்கு இரண்டு ஐபியா என்று அங்குள்ள கருவிகள் சந்தேகப்படும். லாகின் பக்கம் தனியாகக் கேட்கும். விபிஎன்னும் உள்ளே வராது. வெளிக்கணினி லினக்ஸாக இருந்து, நீங்களே கையால் ஒரு பிரிட்ஜ் அமைக்கப் பார்த்தால் வைஃபை கார்டு பெரும்பாலும் அதில் சேரவே சேராது.

முடிந்தால் ரவுட்டரிலிருந்து ஓர் ஈதர்நெட் ஒயரை இழுத்து லேப்டாப்பில் செருகிவிட்டு, 'நேம்' கட்டத்தில் அந்த ஒயர் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்ஜ் ஓடவில்லை என்று வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கட்டத்தைத்தான். வைஃபையில் இருக்கும்போது அங்கே ஒயர் கார்டின் பெயர் நிற்கும். ஒயரோ செருகியே இருக்காது.

பிரிட்ஜ் போட்டதும் உள்கணினி உலகத்துக்கே திறந்துவிட்டது என்ற பயமும் வேண்டாம், எதிர்பார்ப்பும் வேண்டாம். வீட்டு ரவுட்டரே இன்னொரு நேட். அதற்கு வெளியே, போன் டேட்டாவிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும், சேவை நிறுவனத்தின் நேட் ஒன்று மேலும் இருக்கும். ரவுட்டருக்கு 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வந்திருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். வெளியூரிலிருக்கும் நண்பர் உங்கள் உள்கணினிக்கு வர, பிரிட்ஜ் மட்டும் போதாது.

பிரிட்ஜில் இருக்கும் உள்கணினியைக் குளோன் செய்தால், குளோன் செய்யும் பெட்டியிலேயே புதிய மேக் முகவரி கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே முகவரிக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும். உபுண்டு சர்வரில் மேக் முகவரியை மாற்றியும் இரண்டுக்கும் ஒரே ஐபி வந்தால், குளோனோடு சேர்ந்து வந்த மெஷின் ஐடி காரணம். அதையும் புதிதாக்க வேண்டும்.

இரண்டு கார்டு

நான் பல வருஷமாக வைத்திருக்கும் அமைப்பு இது: முதல் கார்டு நேட், இரண்டாவது கார்டு ஹோஸ்ட்-ஒன்லி. இணையம் முதல் கார்டு வழியே வரும். இரண்டாவது, வெளிக்கணினிக்கும் உள்கணினிக்கும் நடுவே ஓர் உள்படிக்கட்டு. அதில் வெளிக்கணினி பெரும்பாலும் 192.168.56.1, உள்கணினிகளுக்கு 192.168.56.101 முதல் வரிசையாக வரும். போர்ட் ஃபார்வர்டிங் வரி ஒன்றுகூட எழுத வேண்டாம். வைஃபை போனாலும், வேறு ஊருக்குப் போனாலும் இந்த எண் மாறாது. ரயிலில் உட்கார்ந்துகூட உள்கணினியோடு வேலை பார்க்கலாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. உபுண்டு சர்வரில் இரண்டாவது கார்டைப் பின்னால் சேர்த்தால் அது தானாக முகவரி வாங்காது. கார்டு தெரியும், ஐபி இராது. நெட்பிளான் கோப்பில் அந்தக் கார்டின் பெயரையும் ஒரு வரி சேர்த்து, டிஹெச்சிபி வழியே முகவரி கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். ஹோஸ்ட்-ஒன்லி கார்டுக்கு கேட்வே மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உள்கணினி இணையத்தை இந்தப் படிக்கட்டில் தேடிக்கொண்டு நிற்கும்.

மற்ற மென்பொருள்களில்

பெயர்கள்தான் மாறும். விஎம்வேரில் பிரிட்ஜ் விஎம்நெட்0, ஹோஸ்ட்-ஒன்லி விஎம்நெட்1, நேட் விஎம்நெட்8. விண்டோஸில் விஎம்வேரின் நேட், டிஹெச்சிபி இரண்டும் தனித்தனி சேவைகளாக ஓடும். யாராவது அவற்றை நிறுத்திவைத்திருந்தால் உள்ளே இணையம் வராது. ஹைப்பர்-வி என்றால் டிஃபால்ட் ஸ்விட்ச். அது நேட்தான், கணினியை மறுபடி எழுப்பும்போது முகவரி வரிசை மாறிவிடும் என்பதால், உள்ளே நிலையான ஐபி போட்டால் மறுநாள் ஏமாற்றமே.

லினக்ஸில் கேவிஎம்மும் லிப்விர்ட்டும் வைத்திருப்பவர்களுக்கு 192.168.122 வரிசை வரும், வாசல் 192.168.122.1. அங்கே அடிக்கடி வரும் கோளாறு, 'டிஃபால்ட்' என்ற நெட்வொர்க் தொடங்கப்படாமலே கிடப்பது. விர்ட்-மேனேஜரில் இணைப்பு விவரத்தைத் திறந்து அதைத் தொடங்கி, தானாகத் தொடங்கும்படி டிக் போட்டுவிடுங்கள். உள்கணினிக்குள்ளேயே இன்னோர் உள்கணினி வைத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒன்று: இரண்டு அடுக்கும் அதே 192.168.122 வரிசையை எடுத்துக்கொண்டால் வழி குழம்பிவிடும். உள்ளடுக்குக்கு வேறு வரிசை கொடுங்கள்.

எங்கே அறுந்திருக்கிறது?

இணையம் வரவில்லை என்றதும் நேட்டை பிரிட்ஜாக்கி, பிரிட்ஜை நேட்டாக்கி, மறுபடி நிறுவி என்று எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள். எதையும் மாற்றும் முன் உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு படியாக நடந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த வால்வு மூடியிருக்கிறது என்று தொட்டிப் பக்கம் நடந்து பார்க்கிறோமே, அதேபோல. கீழே வரும் எண்கள் நேட்டுக்கானவை.

முதலில் முகவரி இருக்கிறதா? விண்டோஸ் உள்கணினியில் 'ஐபிகன்ஃபிக்' கட்டளை; லினக்ஸில் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்திலேயே தெரியும். 10.0.2.15 இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். விண்டோஸில் 169.254 என்று தொடங்கினால், கேட்டுப் பார்த்தும் யாரும் முகவரி தராததால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் 'கேபிள் கனெக்டட்' டிக் இருக்கிறதா, 'நாட் அட்டாச்டு' என்று நிற்கிறதா என்று பாருங்கள். கார்டே தெரியவில்லையென்றால் அடாப்டர் டைப்பை மாற்றுங்கள். பிசிநெட் என்ற பழைய கார்டுக்கு விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே டிரைவர் கிடையாது. இன்டெல் ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப் போட்டால் வந்துவிடும். விர்ட்டியோ கார்டு லினக்ஸுக்கு அருமை. விண்டோஸுக்குள் அதற்குத் தனி டிரைவர் போட வேண்டும்.

இரண்டாவது, வாசல்வரை போக முடிகிறதா? 10.0.2.2ஐ பிங் செய்யுங்கள். பதில் வந்தால் பொய்க் கார்டும் ஒயரும் நலம்.

மூன்றாவது, வெளியே போக முடிகிறதா? 8.8.8.8ஐ பிங் செய்யுங்கள். பதில் வராவிட்டாலும் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். கியூஇஎம்யூவின் பயனர் நேட்டில் இணையம் நன்றாக ஓடும்போதே வெளி பிங் மட்டும் ஓடாமல் இருக்கும். சில அலுவலக வலையமைப்புகளும் பிங்கை மறித்துவைத்திருக்கும். உலாவியில் ஒரு தளத்தையும் முயன்று பார்த்து, இரண்டும் தோற்றால் வெளிக்கணினியின் ஃபயர்வால் பக்கம் போங்கள். அலுவலகத்தின் சொந்த வலையமைப்பே 10.0.2 வரிசையில் இருந்தாலும் குழப்பம் வரும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டுக்கு வேறு வரிசை கொடுக்கலாம்.

நான்காவது, பெயர். 8.8.8.8 பதில் சொல்கிறது, தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு, பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்ஸில். என் கைக்கு வந்தவற்றில் மிகுதி இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் நேட் வழக்கமாக வெளிக்கணினியின் டிஎன்எஸ் முகவரியை அப்படியே உள்ளே கொடுத்துவிடும். அலுவலகத்தில் உள்கணினியை நிறுத்தாமல் லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உள்ளே இருப்பது சில சமயம் அலுவலக டிஎன்எஸ்ஸையே கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே நெட்வொர்க்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். அடிக்கடி இடம் மாறுகிறவர்கள், 10.0.2.3ல் விர்ச்சுவல்பாக்ஸே டிஎன்எஸ்ஸாக இருந்து வெளியே கேட்டுச் சொல்லும்படி டிஎன்எஸ் ப்ராக்ஸியை இயக்கிவிடுவது நல்லது.

எல்லாப் படியும் சரி, உலாவி மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எல்லாத் தளத்துக்கும் சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை எழுப்பினால் உள்கணினி இன்னும் அந்த நாளிலேயே இருப்பதாக நினைக்கலாம். அந்தத் தேதிக்கு இன்றைய சான்றிதழ்கள் செல்லாது. நேரத்தைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். ப்ராக்ஸி வைத்திருக்கும் கல்லூரிகளில் இன்னொன்று: வெளிக்கணினியின் உலாவியில் போட்ட ப்ராக்ஸி உள்கணினிக்குத் தானாக வராது. உள்ளேயும் தனியாகப் போட வேண்டும். லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளைக்கு இன்னொரு முறை போட வேண்டும்.

டேட்டா, பழைய விண்டோஸ்

போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்தால் அப்டேட்டுகள் அடங்கி இருக்கும். அந்தக் குறிப்பு உள்ளே போகாது. உள்கணினிக்குத் தெரிந்தது ஒயர் ஒன்றுதான். ஒயர் என்றால் கணக்கில்லா டேட்டா என்று எண்ணி அன்றைய அப்டேட்டையெல்லாம் இறக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவருக்குக் காலையிலேயே டேட்டா தீர்ந்துவிடும். உள்ளே போய் அந்த ஈதர்நெட்டையும் மீட்டர்டு என்று குறியுங்கள். உபுண்டுவில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள். இணையம் தேவைப்படாத நேரத்தில், உள்கணினி ஜன்னலின் அடியில் இருக்கும் நெட்வொர்க் சின்னத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கிக் கேபிளைக் கழற்றிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம்.

இணையமே கொடுக்கக் கூடாத உள்கணினிகளும் உண்டு. நம் ஊர் அச்சகங்களில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்காகவும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் விண்டோஸ் எக்ஸ்பியை விடாமல் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது வருஷத்து மலர்களும் பத்திரிகைகளும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. பழைய கணினி கண்மூடும் முன் அதை அப்படியே உள்கணினியாக்கிக் காப்பாற்றுவது நல்ல காரியம். ஆனால் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடு. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் பெரும்பாலும் அடைபடாமலே இருக்கின்றன. நேட் இருக்கிறதே, வெளியிலிருந்து யாரும் வர முடியாதே என்று சமாதானம் கொள்ளாதீர்கள். உள்ளேயிருந்து உலாவி ஒரு கெட்ட பக்கத்துக்குப் போனால் நேட் தடுக்காது.

அப்படிப்பட்ட உள்கணினிக்கு நேட்டை எடுத்துவிட்டு ஹோஸ்ட்-ஒன்லி ஒன்றை மட்டும் கொடுங்கள், அல்லது கார்டையே அணைத்துவிடுங்கள். எழுத்துருவையும் கோப்பையும் ஷேர்டு ஃபோல்டர் வழியே உள்ளே எடுத்துப்போகலாம். முடிந்த பக்கத்தைப் பிடிஎஃப்பாக அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு, மின்னஞ்சலில் அனுப்புவதை வெளிக்கணினியில் செய்துகொள்ளுங்கள்.